அஷ்டமியில் போட்ட ஊசி

1

போன வாரம் குடியாத்தத்திலிருந்து என் மச்சினன் போன் செய்தான். அவன் மருமகள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறாளாம். வீட்டில் வளர்க்கிற பூனையை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்கிறாளாம். “மாமா, நீங்க பூனாவுல இருந்து ஜெர்மனிக்கு நாயே அனுப்பினவராச்சே. இன்னா இன்னா பண்ணணும்னு ஒரு காகிதத்துல எழுதி அனுப்புங்க” என்றான்.

ஒரு பக்கத்தில் முடிய வேண்டிய விஷயம். உட்கார்ந்து எழுதினேன். பாதியில் கை நின்றுவிட்டது. சட்டத்தை எழுதினால், அதில் நான் செய்து வைத்த காரியத்தையும் எழுத வேண்டும். அதை மறைத்து எழுதினால் அந்தப் பூனைக்கும் அதே கதிதான் வரும். சரி, எழுதுவதென்று ஆனபின் மச்சினனுக்கு மட்டும் எதற்கு, நம் ஊர்க்காரர்கள் நாலு பேர் படிக்கட்டும் என்று முழுசாகவே எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ, நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் எட்டாவது வரை படித்தவன். பூனாவுக்கு வந்து முப்பத்தாறு வருஷம். பிம்ப்ரியில் ஒரு மோட்டார் கம்பெனியில் லேத் ஓட்டி ரிடையர் ஆனேன். நிக்டியில் கம்பெனி ஆட்கள் இருக்கிற காலனியில் வீடு. வீட்டில் நானும் என் வீட்டுக்காரி சரசாவும்தான். ஒரே பெண், தேவகி. ஹடப்சரில் கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்த்தபோது கூட வேலை செய்த நிகில் என்கிற மராத்திப் பையனைக் கட்டிக்கொண்டாள். நல்ல பையன். அவனைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். என் குறையெல்லாம் அவனுடைய அப்பாவிடம்தான்.

சம்பந்தி பேர் வசந்தராவ். பாங்கில் இருந்து ரிடையர் ஆனவர். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. ஹடப்சரில் எட்டாவது மாடியில் தனியாக இருக்கிறார். என் பெண் என்னை அப்பா என்கிறாள், அவரை பாபா என்கிறாள். “ரெண்டும் ஒண்ணுதானே” என்பாள் சரசா. ஒன்றாகவே இருக்கட்டும். என்னிடம் தமிழில் பேசுவதற்கு அவள் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுக்கிறாள். கடை மூடுகிற நேரத்தில் சாமான் கேட்டவளைப் போல நிற்கிறாள். அவரிடம் மராத்தியில் பேசினால் தண்ணீர்க் குழாய் திறந்த மாதிரி. சண்டை போடுகிறாள், கிண்டல் செய்கிறாள், சிரிக்கிறாள். தமிழ் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவன் நான்தான். ஷிப்டு முடிந்து வந்ததும் படுத்துவிட்டேன். பள்ளிக்கூடமும் தெருவும் சொல்லிக்கொடுத்ததை அவள் பேசுகிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் வயிறு எரிகிறதே, அதற்கு என்ன செய்ய.

2

கல்யாணம் ஆன வருஷத்தில் தேவகியும் நிகிலும் தங்கள் பில்டிங் வாசலில் கிடந்த ஒரு குட்டியை எடுத்து வளர்த்தார்கள். சாதாரணத் தெருநாய்தான். வேர்க்கடலைத் தோல் நிறம். அதனால் மராத்தியில் ‘ஷேங்கா’ என்று பேர். அப்புறம் ரெண்டு பேருக்கும் ஜெர்மனிக்கு வேலை மாற்றலாகிவிட்டது. நாயை உடனே கூட்டிப்போகச் சட்டம் இடம் கொடுக்காது. அதனால் பதினைந்து நாள் எங்கள் வீட்டில், பதினைந்து நாள் வசந்தராவ் வீட்டில் என்று ஏற்பாடு.

நான் ‘உட்காரு’ என்றால் ஷேங்கா என் முகத்தைப் பார்க்கும். அவர் ‘பஸ்’ என்று மராத்தியில் ஒரு வார்த்தை சொன்னால் பட்டென்று உட்காரும். கீழே அவருடைய கார் ஹாரன் கேட்டால் போதும், சரசா வைத்த தயிர்ச்சோற்றை அப்படியே விட்டுவிட்டு மாடிப்படியில் உருண்டு ஓடும். நான் ஹடப்சர் போய்க் கூப்பிட்டால் மட்டும் சோம்பல் முறித்துக்கொண்டு வரும்.

ஒரு நாள் பூஜை முடித்து அதன் நெற்றியிலும் கொஞ்சம் விபூதி வைத்தேன். பைரவர் வாகனம் அல்லவா. அப்போது வந்த வசந்தராவ், “எங்க தத்தாத்ரேய குருவைச் சுத்தி நாலு நாய் இருக்கு, தெரியுமா?” என்றார். நாங்கள் ரெண்டு பேரும் இந்தியில்தான் பேசிக்கொள்வோம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“எங்க பைரவருக்கு ஒண்ணுதான். ஆனா அது சாமியைச் சுமக்கும்” என்றேன்.

“உங்க சாமி பாவம், நாய் மேல உக்காந்தா காலு தரையில இடிக்குமே” என்று சிரித்தார். சரசாவும் சேர்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தேவகி வீடியோவில் வந்தால் முதல் கேள்வி “ஷேங்கா எங்கே?” என்பதுதான். நாயை நடுவில் வைத்து நானும் சரசாவும் ரெண்டு பக்கமும் எட்டிப் பார்ப்போம். நாய்க்கு முத்தம் கொடுத்துவிட்டு, “அப்பா, மாத்திரை சாப்ட்டீங்களா? ஓகே, பாபா லைன்ல வர்றார்” என்று போய்விடுவாள்.

3

இப்போது சட்டம். மச்சினா, கவனமாகப் படி. நாட்டுக்கு நாடு மாறும். எனக்குத் தெரிந்தது ஜெர்மனி.

முதலில் நாயோ பூனையோ, கழுத்துத் தோலுக்கு அடியில் அரிசி அளவில் ஒரு சிப் வைக்க வேண்டும். அதில் பதினைந்து இலக்கத்தில் ஒரு நம்பர் இருக்கும். அதை வைத்த பிறகுதான் வெறிநாய்க்கடி தடுப்பூசி. ஒரே நாளில் ரெண்டும் செய்யலாம், ஆனால் சிப் முன்னால், ஊசி பின்னால். நம்பர் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி எந்த நாய்க்குப் போட்டது என்று ஜெர்மனிக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? ஊசி போட்டு முப்பது நாளாவது ஆன பிறகு ரத்தம் எடுத்து, அவர்கள் ஒப்புக்கொண்ட லேபுக்கு அனுப்ப வேண்டும். ரிசல்ட் நன்றாக இருந்தாலும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கிளம்புகிற நேரத்தில் கால்நடை டாக்டர் சர்டிபிகேட், அரசு முத்திரை, மும்பையில் நாயை நேரில் காட்டி ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம்.

நாய்க்குச் சொந்தக்காரர் கூட வர முடியாவிட்டால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வேறு ஒருவரோடு அனுப்பலாம். ஆனால் சொந்தக்காரர் பயணமும் நாயின் பயணமும் ஐந்து நாளுக்குள் இருக்க வேண்டும். நிகில் வருஷத்தில் ரெண்டு தடவை ஆபீஸ் வேலையாக பெங்களூர் வந்து அங்கிருந்தே திரும்புகிறவன். அவன் திரும்பின ஐந்து நாளுக்குள் பூனாவிலிருந்து யாராவது ஒருத்தர் நாயோடு போக வேண்டும். போனால் ஒரு மாதம் பிள்ளைகளோடு இருந்துவிட்டு வரலாம். அவர்கள் இருப்பது சின்ன வீடு, ஒருத்தருக்குத்தான் இடம். சரசாவுக்கு ஏரோப்ளேன் என்றாலே தலை சுற்றும். ஆக, போட்டி எனக்கும் வசந்தராவுக்கும்தான்.

போட்டி என்று நான்தான் சொல்கிறேன். அங்கே யாரும் யோசிக்கவே இல்லை. அவர் ஏற்கனவே ஒரு தடவை போய் வந்தவர், விசாவும் இருக்கிறது, அவரே வரட்டும் என்று முடிவாகிவிட்டது. எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே ‘அவர் போகட்டும்’ என்று சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

சிப்புக்கும் ஊசிக்கும் நிக்டியில் ஒரு டாக்டரிடம் வசந்தராவே போனில் நாள் குறித்தார். சனிக்கிழமை காலை. அவருக்கு அன்றைக்கு ஏதோ கல்யாணம். நாய் எங்கள் வீட்டில் இருந்ததால் நான் கூட்டிப்போக வேண்டும். காலையில் காலண்டரைக் கிழித்தேன். தேய்பிறை அஷ்டமி.

அஷ்டமி பைரவருக்கு உகந்த நாள்தான். ஆனால் புதுக் காரியம் தொடங்க ஆகாது. நாள் குறிக்கிறவர் ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம் அல்லவா? ஆட்டோவில் போகிற வழியெல்லாம் இதேதான் மனசில் ஓடியது.

டாக்டர் சின்னப் பெண். “அங்கிள், முதல்ல சிப், அப்புறம் ஊசி” என்றாள்.

“ஊசி மருந்துதானே, அதைப் போடும்மா. உடம்புக்குள்ள ஒரு பொருளை வைக்கிறது இன்னிக்கு வேண்டாம். நாள் சரியில்ல. திங்கட்கிழமை தசமி, அன்னிக்கு வைக்கலாம்.”

“வெளிநாட்டுக்குப் போற நாய்க்கு சிப்தான் முதல்ல வைக்கணும் அங்கிள். வீட்ல கேட்டுட்டீங்களா?”

“கேட்டாச்சு” என்றேன்.

யாரையும் கேட்கவில்லை. தேவகி போனில் வரிசையாகச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ரெண்டு நாளில் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தேன். வசந்தராவ் போட்ட திட்டத்தில் ஒன்றாவது என் இஷ்டப்படி நடக்கட்டும் என்றும் நினைத்தேன். சாமி பேரைச் சொல்லிக்கொண்டேனே தவிர, உள்ளே இருந்தது அதுதான். சிப்பைத் தள்ளிவைத்தது என் சொல்லின் பேரில்தான் என்று டாக்டர் நாயின் ஊசிப் புத்தகத்தில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினாள். தமிழில் போட்டேன். திங்கட்கிழமை வசந்தராவ் நாயைக் கூட்டிப்போக வந்தார். “சிப் மட்டும் பாக்கி, போற வழியில வெச்சுடுங்க” என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

4

ரத்தம் எடுத்தோம், ரிசல்ட் நன்றாக வந்தது, மூன்று மாதமும் போனது. நிகிலுக்கு பெங்களூர் டிக்கெட் போட்டாயிற்று. காகிதங்களைப் பார்த்துக் கொடுக்கிற மும்பை ஆள் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: ஊசி சனிக்கிழமை, சிப் திங்கட்கிழமை. இந்த ஊசி செல்லாது. ஊசி செல்லாவிட்டால் ரத்தமும் செல்லாது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் வீடியோவில் எல்லோரும் வந்தார்கள். தேவகி அழுது முகம் வீங்கியிருந்தது. “பாபா, நாள் குறிச்சது நீங்கதானே? சிப் வெச்சதும் நீங்கதானே? நான் எத்தனை வாட்டி சொன்னேன்!” என்று மராத்தியில் பொரிந்தாள்.

நான் இப்போது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் வசந்தராவ் தலையைத் தடவிக்கொண்டு, “ஹோ, மாஜி சூக் ஜாலி” என்றார். ஆமாம், என் தப்புதான் என்று அர்த்தம். திறந்த வாயை மூடிக்கொண்டேன். நாள் குறித்தது அவர்தானே, வரிசையை அவர் பார்த்திருக்க வேண்டாமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் தேவகி எனக்குத் தனியாகப் போன் செய்தாள். “அப்பா, அடுத்த வாட்டி நீங்க வாங்க. பாபா பேப்பர்ல கன்பியூஸ் ஆயிடறார். நீங்கன்னா கரெக்டா இருப்பீங்க.”

என் பெண் என்னைத் தேர்ந்தெடுத்தாள். அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவது? ஊரில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்து சொன்னேன்.

சரசா மட்டும் சந்தோஷப்படவில்லை. காலண்டரைக் கிழித்தபோது அவள் பக்கத்தில்தான் இருந்தாள். “இன்னாங்க, அவரு திட்டு வாங்கினு இருந்தாரே, நீங்க வாயே தொறக்கலியா?”

“என்னை யாரும் கேக்கலியே.”

“கேட்டாதான் சொல்லுவீங்களோ? முருகன் கேக்காமலே அவர்கிட்ட அத்தனையும் கொட்றீங்க?”

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான்தான் கோயிலில் கண்ணை மூடினால் வேறு எதையும் நினைக்க முடியாமல் தவித்தேன். நிக்டியில் நம்மவர்கள் சேர்ந்து கட்டின முருகன் கோயில் அது. செவ்வாய்தோறும் போகிறவன், மூன்று செவ்வாய் ஏதோ சாக்குச் சொல்லிப் போகவில்லை.

மறுபடி ஊசி போட்ட அன்று நல்ல ராகு காலம். வாயைத் திறக்கவில்லை. டாக்டர் முதலில் மெஷினை வைத்து நம்பரைப் படித்தாள், அப்புறம் ஊசி போட்டாள். அதே வாரத்தில் என் பாஸ்போர்ட்டும், பிறகு விசா வேலையும் ஆரம்பித்தது. கைரேகை எடுக்கிற இடத்தில் என் விரல் மெஷினில் விழவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இரும்பைத் தேய்த்த விரல், ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. அங்கிருந்த பெண் துணியால் துடைத்துத் துடைத்து அழுத்தினாள். ஷேங்காவின் கழுத்தில் மெஷினைக் காட்டினால் ஒரே சத்தத்தில் அது யார் என்று தெரிந்துவிடுகிறது. எனக்கு அரைமணி நேரம் ஆனது. நாயைப் பார்த்தும் பொறாமைப்பட்டவன் நான்.

எப்படியோ விசா வந்தது. டிக்கெட்டும் வந்தது.

5

கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது நாயைக் கூட்டிவர ஹடப்சர் போனேன். இந்த நாலைந்து மாதத்தில் வசந்தராவ் கொஞ்சம் அடங்கித்தான் போயிருந்தார். வீடியோவில் முன்னைப் போல வளவளவென்று பேசுவதில்லை. தேவகியும் “ஹலோ பாபா”வோடு நிறுத்திக்கொள்வாள். அதைப் பார்க்கும்போது, நிஜத்தைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் இனிப்பாகத்தான் இருந்தது.

டீ கொடுத்துவிட்டு ஒரு பச்சை பைலை எடுத்து வந்தார். ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. எந்த கவுன்டரில் எதைக் காட்ட வேண்டும் என்று எனக்காகப் பெரிய எழுத்தில் இந்தியில் எழுதி ஒட்டியிருந்தார். இறங்கின பிறகு நாயை எங்கே வாங்கிக்கொள்ள வேண்டும், சுங்க ஆளிடம் என்ன சொல்ல வேண்டும் எல்லாம். கூண்டுக்குள் ஷேங்கா பழகுவதற்காக பதினைந்து நாளாக அதற்குள்ளேயேதான் சாப்பாடு வைத்திருக்கிறார்.

“ஊசிப் புத்தகம் புதுசா ஒண்ணு டாக்டர்கிட்ட போட்டு வாங்கிட்டேன். பழசை இதுல வைக்கல” என்றார்.

“ஏன்?”

“அது எதுக்கு? தேவகி அங்க பைலைப் பிரிச்சுப் பார்ப்பா.” டீயை ஊதினார். “அதுல உங்க கையெழுத்து இருக்கு.”

“எப்போ பார்த்தீங்க?”

“சிப் வைக்கப் போன அன்னிக்கே. டாக்டர் பொண்ணு சொன்னாளே, மதராஸி அங்கிள் நாள் பார்க்கிறார்னு. எனக்கு அன்னிக்கு இந்த வரிசை விஷயம் ஞாபகத்துல இல்ல. இருந்திருந்தா சொல்லியிருப்பேன்.”

“அப்புறம் ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?”

“அரே, என் பையனும் மருமகளும் என்னைத் திட்டினா நான் டீவியைப் போட்டுட்டு உக்காந்துடுவேன். உங்களைத் திட்டினா நீங்க தாங்குவீங்களா? பத்து நாள் சாப்பிட மாட்டீங்க. சரசா அண்ணிக்குத்தான் கஷ்டம்.”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை, நன்றியும் உடனே வரவில்லை. முதலில் வந்தது என்ன தெரியுமா? இதிலும் இவர்தான் முந்திக்கொண்டாரா என்ற எரிச்சல். என் பெண், என் நாய், இப்போது நல்லவனாக இருக்கிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார்.

“போன் போடுங்க” என்றேன்.

“எதுக்கு? எல்லாம் முடிஞ்சு போச்சே.”

“போடுங்க.”

தேவகி ஆபீசில் இருந்தாள். என்னவோ ஏதோ என்று பயந்து எடுத்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். அஷ்டமி என்றேன், டாக்டர் கேட்டதைச் சொன்னேன், கேட்டாச்சு என்று பொய் சொன்னதைச் சொன்னேன். “பாபா மேல தப்பு இல்லம்மா. அப்பா மேலதான்.”

திரையில் அவள் முகம் அசையாமல் இருந்ததால் லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

“அப்பா, அன்னிக்கே சொல்லியிருந்தா நான் திட்டியிருப்பேன். திட்டிட்டு மறந்திருப்பேன்.” அடுத்த வார்த்தையைத் தேடினாள். கிடைக்கவில்லை, மராத்திக்குத் தாவினாள். “இத்தனை மாசமா நான் பாபாகிட்ட சரியா பேசவே இல்ல. அவர் அந்த வீட்ல தனியா இருக்கார். தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா?”

“பாபாவே வரட்டும்மா. அவர்தான் வரணும். டிக்கெட்டை மாத்தச் சொல்லு” என்றேன்.

சொல்லும்போது உள்ளே ஒரு ஆசை இருந்தது. ‘இல்லப்பா, போனது போகட்டும், நீங்களே வாங்க’ என்று சொல்வாள். நான் ரெண்டு தடவை மறுப்பேன். மூன்றாவது தடவை ஒப்புக்கொள்வேன்.

“சரிப்பா” என்றாள்.

அவ்வளவுதான். உடனே. யோசிக்கக்கூட இல்லை.

வசந்தராவும் “நோ நோ, அது எப்படி” என்று ஒரு தடவைதான் மறுத்தார். மச்சினா, இதையும் எழுதிவைத்துக்கொள்: கூட்டிப்போகிற ஆள் மாறினால் சொந்தக்காரரின் கடிதமும் மாற வேண்டும். நிகில் புதுசாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினான்.

மும்பை விமான நிலையம் வரைக்கும் நானும் போனேன். கூண்டைத் தள்ளுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே. ஷேங்கா ஒரு தடவை குரைத்தது, அப்புறம் முன்னங்காலில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. வசந்தராவ் திரும்பி வந்து என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான். ஆனால் ரெண்டும் ஒரே காரணத்துக்காக இல்லை.

6

அவர் போய் இருபத்தொரு நாள் ஆகிறது. தினமும் போட்டோ அனுப்புகிறார். ஷேங்கா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறது. தேவகி அவருக்கு அவலில் போஹா செய்து கொடுக்கிறாள். ஆற்றங்கரை பெஞ்சில் அவரும் அவளும் உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள், நிகில் எடுத்திருக்கிறான். நான் வருத்தப்படக்கூடாதென்று நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறார். ஒவ்வொன்றையும் பெரிசாக்கிப் பார்க்கிறேன். பெண் இளைத்திருக்கிறாளா என்று பார்க்கிறேன் என்று சரசாவிடம் சொல்கிறேன்.

தேவகி என்னிடம் பேசாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பேசுகிறாள். மாத்திரை கேட்கிறாள். வாருங்கள் என்று இன்னும் சொல்லவில்லை. விசா முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பாஸ்போர்ட்டை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை. குளித்துவிட்டு சரசாவோடு கோயிலுக்குப் போனேன். இந்தப் பொறாமையை என்னைவிட்டு எடுத்துவிடு, வயசான காலத்தில் இது எனக்கு வேண்டாம் என்று கேட்கத்தான் போனேன். வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். தீபாராதனை காட்டினபோது வேறு ஒன்றைக் கேட்டுவிட்டேன்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது சரசா கேட்டாள்: “ரொம்ப நேரம் கண்ண மூடினு இருந்தீங்களே, இன்னா வேண்டிக்கினீங்க?”

“சம்பந்தி நல்லபடியா திரும்பி வரணும்னு.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். “நல்லபடியாவா, சீக்கிரமாவா?”

“ரெண்டையும் சேத்துத்தான் கேட்டேன்” என்றேன்.